அழுக்குப் படாத இயர்போன்

ரிபாயா இப்போது என்னுடைய பழைய கதிரையில் இருக்கிறாள். கண்டியில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரி. காது மூக்கு தொண்டைக் கிளினிக்குக்குப் பின்பக்கம் ஓர் அறை. அந்த அறைக்குள் தடித்த கதவு போட்ட ஒரு சிறிய கூண்டு, அதன் ஒரு பக்கம் முழுதும் கண்ணாடி. நோயாளியை அதற்குள் இருத்தி, காது எவ்வளவு கேட்கிறது என்று அளந்து எழுதிக் கொடுப்பதுதான் அங்கே வேலை. முப்பத்தொரு வருஷம் நான் செய்தேன். ஓய்வு பெற்ற பிறகு அவள் செய்கிறாள்.

கொஞ்ச நாளைக்கு முன் பகல் சாப்பாட்டு நேரத்தில் அழைத்தாள்.

“சேர், பேராதனை கெம்பஸ் புள்ளைங்க ரெண்டு பேர் வந்தாங்க. ஒரே ரூம்ல ஈக்கிறவங்க. ஒராள் வாங்கின இயர்போன மத்தவர் போட்டுப் பாத்தா ஊசியால குத்துற மாதிரி ஈக்குதாம். வாங்கினவர் சொல்றார், இவ்வளவு தெளிவா வேற எதுலயும் கேட்டதில்லண்டு. ரெண்டு பேருக்கும் சண்ட. யார்ட காது பிழண்டு பாத்துச் சொல்லுங்கண்டு வந்து நிக்கிறாங்க.”

“பாத்தியா மகள்?”

“பாத்தேன். ரெண்டு பேர்ட காதும் நல்லாத்தான் ஈக்கி. அப்ப ஏன் சேர் இப்படி?”

சோற்றுக் கையோடு ஒரு விரிவுரையே நடத்திவிட்டேன். வெறும் போத்தலின் வாயில் ஊதினால் ஒவ்வொரு போத்தலும் ஒவ்வொரு விதமாகக் கூவும் அல்லவா, காதுத் துவாரமும் அப்படித்தான் என்றேன். நீளம், அகலம், வளைவு எல்லாம் ஆளுக்கு ஆள் வேறு. ஒரே இயர்போன் ஒருவருடைய காதில் கூர்மையான சத்தங்களை இரண்டு மடங்காக்கும், இன்னொருவருடைய காதில் சும்மா போய்விடும். ஒருவர் ஆழமாகச் செருகுவார், ஒருவர் வாசலிலேயே வைப்பார். அதிலும் சத்தம் மாறும். நித்திரை இல்லாதவனுக்கும் தலைக்குத்து உள்ளவனுக்கும் ஜால்ராச் சத்தம் எரிச்சலூட்டும். ஒருவன் ‘வொல்யூமை’ முழுதாக வைத்தே பழகியவன், மற்றவன் பாதியில் வைப்பவன். “ரெண்டு பேர்ட காதும் பிழையில்ல, ரெண்டும் வேற வேற காதுன்னு சொல்லி அனுப்பு” என்றேன்.

அவள் நன்றி சொல்லிப் போனை வைத்துவிட்டாள். நான் மிச்சச் சோற்றை மூடி வைத்துவிட்டேன். சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் இருந்த உண்மையான பதில் அது இல்லை. அந்தப் பதிலுக்குள் முத்தையா என்று ஒரு மனிதர் இருக்கிறார். அவரைப் பற்றி நான் இதுவரை யாரிடமும் வாய் திறந்ததில்லை. ரிபாயா கேட்டுவிட்டாள், எழுதிவிடுகிறேன்.

நான் பிறந்தது ஹேவாஹெட்டப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லய வீட்டில். அப்பா அம்மா இரண்டு பேரும் தோட்டத் தொழிலாளர்கள். படித்து, பரீட்சை எழுதி, கொழும்பில் பயிற்சி முடித்து, இருபத்தைந்து வயதில் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தேன். பயிற்சியில் படித்ததை ஒரு கொப்பிக்குள் அடக்கிவிடலாம். வேலை என்றால் என்ன என்று பார்த்தது திலகவதி மிஸ்ஸிடம்தான்.

மிஸ் யாழ்ப்பாணத்தவர். எங்கள் பகுதிக்கு மூத்த பரிசோதகர். பொல்லாத மனுஷி. காலையில் வந்ததும் யாருக்கும் வணக்கம் சொல்ல மாட்டார். நேரே கூண்டுக்குள் போய் நோயாளியின் கதிரையில் தானே உட்கார்ந்து, அப்படியும் இப்படியும் அசைந்து, அது கிறீச்சிடுகிறதா என்று பார்ப்பார். பிறகு ஹெட்போனைத் தன் காதில் மாட்டிக்கொண்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கும் என்னைப் பார்த்து விரலை ஆட்டுவார். நான் ஒவ்வொரு சத்தமாகப் போட வேண்டும். தன் காதுக்கு நேற்றுக் கேட்டது இன்றைக்கும் கேட்டால்தான் இயந்திரம் சரி என்று ஒப்புக்கொள்வார். அதற்குப் பிறகுதான் வெளியில் வரிசையில் இருக்கிற முதல் ஆளைக் கூப்பிட விடுவார்.

நோயாளி வந்தால் டோர்ச் அடித்துக் காதுக்குள் பார்ப்பது, தோட்டையும் மூக்குக் கண்ணாடியையும் கழற்றச் சொல்வது, பெண்கள் காதோரம் பூ வைத்திருந்தால் அதையும் எடுக்கச் சொல்வது, எந்தக் காது நல்லது என்று கேட்டு அதிலிருந்து தொடங்குவது. நடுத்தரமான ஒரு சத்தத்தில் ஆரம்பிக்க வேண்டும். கேட்டால் பத்து டெசிபெல் இறக்கு, கேட்காவிட்டால் ஐந்து ஏற்று. சத்தம் கேட்டவுடன் நோயாளி கையிலிருக்கிற பொத்தானை அழுத்துவார். இப்படி ஒவ்வொரு காதிலும் கனத்த கீழ்ச் சத்தத்திலிருந்து கூர்மையான மேல் சத்தம் வரை போய்வர வேண்டும். அந்தக் காலத்தில் எங்களில் பலபேர் இத்தோடு பேனையை மூடிவிடுவார்கள். மிஸ் மூட மாட்டார். இன்னொரு சோதனை பாக்கி இருக்கும். சத்தத்தை மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டு போய், எந்த இடத்தில் அது தொந்தரவாகிறது என்று பார்ப்பது. அதற்கு நோயாளி கையைத் தூக்க வேண்டும்.

அந்தச் சோதனைக்கு முன்னால் மிஸ் கூண்டுக்குள் போய், நோயாளிக்கு முன்னால் குந்தி இருந்து சொல்வார்:

“இது பரீட்சை இல்லை, கேட்டீங்களோ? கனக்க நேரம் பொறுத்தவருக்குப் பரிசு ஒண்டும் இல்லை. இனிக் கேக்க விருப்பமில்லை எண்டு மனசு சொல்லேக்கையே கையைத் தூக்குங்கோ.”

வெளியே வந்து என்னிடம் சொல்வார்: “நம்பரை நான் பாக்கிறன். நீர் முகத்தைப் பாரும் தம்பி. கை பொய் சொல்லும்.”

அவருடைய மேசை கண்ணாடிக்கு நேராகக் கிடக்கும். இயந்திரத்தின் முள்ளைப் பார்க்க வேண்டுமானால் கழுத்தைத் திருப்ப வேண்டும். நோயாளியின் முகம் மட்டும் எப்போதும் முன்னால் இருக்கும். எனக்கு அது வசதியில்லாத ஏற்பாடாகத்தான் பட்டது. மிஸ் ஓய்வு பெற்றுப் போன பிறகு கணினியோடு புதிய இயந்திரம் வந்தது. மின்சார இணைப்பு மற்றச் சுவரில் இருந்தது. மேசையை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டேன். திரை எனக்கு முன்னால் வந்தது, கண்ணாடி என் வலது தோளுக்குப் பின்னால் போனது. அறை விசாலமாகிவிட்டது என்று டொக்டர்மார் எல்லாம் பாராட்டினார்கள். எனக்கும் பெருமைதான்.

இந்த இயர்போன் விஷயம் எங்கள் அறைக்குள் நுழைந்தது கையில் போன் எல்லாருக்கும் வந்த பிறகு. ஒருமுறை கம்பளையில் மிளகாய் அரைக்கிற மில் வைத்திருக்கும் ஒரு ஹாஜியாரும் அவருடைய மனைவியும் வந்தார்கள். ஒரு சோடி இயர்போனை ஆளுக்கொரு பக்கமாகப் போட்டுக்கொண்டு மார்க்கச் சொற்பொழிவு கேட்கிறவர்கள். ஹாஜியார் கூர்மையான சத்தங்களைத் தூக்கிக் காட்டுகிற ‘ட்ரெபிளை’ முழுதாகக் கூட்டி வைப்பாராம். அந்த அம்மாவுக்கு ‘ஸ’ என்று வருகிற இடமெல்லாம் பல் கூசுமாம்.

“இவருக்கு டீயில எவ்வளவு சீனி போட்டாலும் காணாது சேர். அதே டீய நானும் குடிக்கோணுமாம்” என்றார் அந்த அம்மா.

ஹாஜியார் சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்தார். சோதித்துப் பார்த்தால் விஷயம் எளிது. மில்லின் இரைச்சல் ஹாஜியாருடைய காதில் மேல் சத்தங்களைத் தின்றிருந்தது. அவர் ட்ரெபிளை முழுதாகக் கூட்டினால்தான் மனைவிக்குச் சாதாரணமாகக் கேட்பது அவருக்குக் கேட்கும். ஆளுக்கொரு இயர்போன் வாங்கச் சொல்லி அனுப்பினேன். இரண்டு பேரும் சந்தோஷமாகப் போனார்கள்.

அன்றிலிருந்து ஒரு விதி என் மண்டையில் உட்கார்ந்துவிட்டது. தேய்ந்த காதுக்குக் கூர்மையான சத்தம் வேண்டும். மேலே எது குறைகிறதோ அதைக் கூட்டிக் கொடு. யார் கேட்டாலும் அதையே சொன்னேன்.

நான் ஓய்வு பெற நாலு வருஷம் இருக்கும்போது முத்தையா வந்தார். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டம்தான், எங்கள் தோட்டத்துக்கு இரண்டு மலை தள்ளி. தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் ஆட்கள் ஸ்டோர் என்பார்கள். அந்த ஸ்டோரில் கொழுந்தை உருட்டி ஓயாமல் இரைகிற ரோலருக்குப் பக்கத்தில் இருபத்தேழு வருஷம் நின்றவர். மெலிந்த மனிதர், வெள்ளைச் சேட்டுக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார். கூட அவருடைய மனைவி பாக்கியம் வந்திருந்தார். பேசியதெல்லாம் அவர்தான்.

“ஒரே மகதாங்க சார், கலான்னு பேரு. வெளிநாட்டுல வீட்டு வேலைக்குப் போயிருக்கு. வெள்ளிக்கிழமைல பேசும். இவருக்குச் சத்தம் கேக்குதாம், என்னா சொல்லுதுன்னு வெளங்கலையாம். போகாதன்னு இவரு சொல்லச் சொல்லக் கேக்காமப் போன புள்ள. பஸ் ஏத்திவிடக்கூட இவரு வரல. இப்ப அது அப்பாவக் குடுங்க, அப்பாவக் குடுங்கன்னு நிக்குது.”

முத்தையா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பேசணுங்க ஐயா” என்று மட்டும் சொன்னார்.

சோதித்தேன். கீழ்ச் சத்தங்கள் பரவாயில்லை. மேலே போகப் போக மலையிலிருந்து இறங்குகிற ரோட்டு மாதிரி வரைபடம் கீழே போனது. ஸ்டோர் ஆட்களின் காது அப்படித்தான் இருக்கும். பெண் குரலில் சொல்லைச் சொல்லாகப் பிரித்துக் காட்டுகிற சத்தங்கள் எல்லாம் அந்த மேல் பக்கத்தில்தான் இருக்கின்றன. அவை இல்லாவிட்டால் குரல் வரும், சொல் வராது.

அடுத்தது அந்தக் கடைசிச் சோதனை. நான் கூண்டுக்குள் போகவில்லை. மைக்கை அழுத்தி இங்கேயிருந்தே சொன்னேன்:

“முத்தையாண்ணே, இனிச் சத்தம் ஏறும். தாங்க முடியாட்டி கையத் தூக்குங்க.”

“சரிங்க ஐயா.”

ஏற்றினேன். திரையில் எண் ஏறியது. அவ்வப்போது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தேன். கை மடியிலேயே இருந்தது. இயந்திரத்தின் கடைசி எண் வந்தது. அப்போதும் கை எழவில்லை. ‘தொந்தரவு இல்லை’ என்று எழுதினேன். கதவைத் திறந்தபோது அவருடைய மேலுதட்டில் வேர்த்திருந்தது. கூண்டுக்குள் புழுக்கம் என்று நினைத்தேன்.

“பாஸாங்க ஐயா?” என்று கேட்டார்.

“பாஸ், பாஸ். இரும்புக் காதுண்ணே உங்களுக்கு” என்று சிரித்தேன். அவரும் சிரித்தார்.

அந்த ஒரு கேள்வியிலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். வெளியே இன்னும் பதினைந்து பேர் இருந்தார்கள், விளங்கவில்லை.

அரசாங்கக் காது மெஷினுக்குப் பெயர் பதிந்து வைத்தேன். வரிசை நீளம். அதுவரைக்கும் போனில் பேச ஒரு நல்ல இயர்போன் போதும் என்று நினைத்தேன். பாக்கியத்தின் போனிலேயே கலாவுக்குக் குரல் பதிந்து அனுப்பினேன். “கணீர்னு கேக்குற வகையாப் பாத்து வாங்குங்கம்மா, ட்ரெபிள் கூட உள்ளது. அப்பா காது தாங்கும், நான் சோதிச்சுட்டேன்” என்றேன். இயர்போன் வந்து சேர்ந்ததும் போனைக் கொண்டுவரச் சொல்லி, அதில் இருக்கிற சத்த அமைப்பில் மேல் பக்கத்தை நானே கூட்டி வைத்தேன். வரைபடத்தில் எவ்வளவு பள்ளமோ அவ்வளவு மேடு. அழகாகப் பொருந்தியது.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை முத்தையா தனியாக வந்தார். முதல் பஸ்ஸில் வந்து, வரிசையில் முதல் ஆளாக இருப்பார். இயர்போன் கழுத்தில் தொங்கும்.

“மக பேசுதாண்ணே?”

“பேசுதுங்க ஐயா.”

“சாமான் நல்லா இருக்கா?”

“நல்லா இருக்குங்க.”

கையில் வாங்கிப் பார்ப்பேன். காதுக்குள் போகிற ரப்பர் முனை பளிச்சென்று இருக்கும். சாதாரணமாக அதில் மெழுகு போலக் காதழுக்கு அப்பியிருக்கும், சிலருடையதைக் கையால் தொடவே மனம் வராது. முத்தையாவுடையதில் ஒரு துளி இல்லை. இரண்டாவது தடவை அதை உயர்த்திப் பிடித்து, வெளியே வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன்.

“பாருங்க, ஒரு வருஷமாப் பாவிக்கிறாரு. எவ்வளவு துப்புரவா வச்சிருக்காரு. சாமான்னா இப்படித்தான் வச்சிருக்கணும்.”

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டு நின்றார். அவருடைய கிளினிக் கொப்பியில் ‘இயர்போன் நன்றாகப் பாவிக்கிறார்’ என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். மூன்று தடவை அப்படி எழுதியிருக்கிறேன்.

ஏறக்குறைய இரண்டு வருஷத்தின் பின் ஒரு நாள், முத்தையாவோடு ஓர் இளம் பெண் வந்தாள். கலா. லீவில் வந்திருந்தாள். வணக்கம் சொன்னாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அந்தக் கொப்பியை மேசையில் விரித்து வைத்தாள்.

“சார், இது நீங்க எழுதினதுதானே?”

“ஆமாம்மா.”

“அப்பாவுக்கு நல்லாக் கேக்குதுன்னு தானே அர்த்தம்?”

“இயர்போன் போட்டா கேக்கும்.”

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவருக்கு எங்கள் பேச்சு விளங்கவில்லை, எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்படின்னா இவருக்கு எம்மேல கோவந்தான் சார். ரெண்டு வருஷம். ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் நான் பேசினா போன அம்மாகிட்ட குடுத்துட்டு வெளிய போயிருவாராம். காது கேக்கலையோன்னு நெனச்சேன். அம்மா இந்தக் கொப்பிய போட்டோ எடுத்து அனுப்பிச்சு, ஐயா நல்லாக் கேக்குதுன்னு எழுதியிருக்காருன்னு. வேணும்னேதான் பேசல. நான் திரும்பி வர்றதே இவருக்குப் பிடிக்கலன்னு நெனச்சு, இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன் சார்.”

முத்தையாவின் கழுத்தில் தொங்கிய இயர்போனை வாங்கினேன். ரப்பர் முனை வழக்கம்போலப் பளிச்சென்று இருந்தது. மூன்று தடவை கையில் பிடித்துப் பாராட்டிய பொருளை அன்றைக்குத்தான் பார்த்தேன். காதுக்குள் போயே இராத ஒன்றில் அழுக்கு எப்படிப் படும்?

அவர்கள் கொண்டுவந்திருந்த பாக்கியத்தின் போனில் அதைச் செருகி, அவருடைய காதில் வைத்து, கலாவை அவளுடைய போனிலிருந்து பேசச் சொன்னேன். “அப்பா” என்றாள். முத்தையாவின் கண் இறுகி மூடியது. தோள் காது வரை உயர்ந்தது. கைகள் மட்டும் மடியை விட்டு அசையவில்லை.

நான் கழற்றிவிட்டேன். கூண்டுக்குள் அழைத்துப் போய், அவருக்கு முன்னால் குந்தினேன். திலகவதி மிஸ் குந்துகிற அதே இடம். அவருடைய வலது காதுக்குக் கிட்டப் போய், மெதுவாகக் கேட்டேன்.

“நோகுதாண்ணே?”

“கொஞ்சங்க ஐயா.”

“மொத நாள் சோதிச்சப்பவும் நொந்துச்சா?”

தலையை மட்டும் ஆட்டினார்.

“ஏண்ணே கையத் தூக்கல?”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இதுகூட உனக்குத் தெரியாதா என்கிற பார்வை.

“முடியலைன்னு கையத் தூக்குனா அரைப்பேருதானேங்க ஐயா.”

தோட்டத்தில் ஒரு நாள் வேலையை ஒரு பேர் என்பார்கள். வேலை போதாது என்று கங்காணி முடிவு செய்தால் அரைப்பேர், பாதிக் கூலிதான். காலையில் எல்லாரையும் நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டில், முடியாது என்று கையைத் தூக்கியவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். என் அப்பா காலில் ஆணி ஏறிய மறுநாள் ஒரு வார்த்தை பேசாமல் அந்தப் பெரட்டில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அப்படி நின்றே பழகிய ஒரு மனிதரிடம் போய், தாங்க முடியாவிட்டால் கையைத் தூக்கு என்று சொல்லியிருக்கிறேன். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஓர் ஐயா மைக்கில் சொன்னால் அவர் எப்படித் தூக்குவார்?

“இதுல பேரும் இல்ல, அரைப்பேரும் இல்லண்ணே. பிடிக்கலைன்னா ஒடனே தூக்குங்க” என்று மூன்று தடவை சொல்லி, மறுபடியும் சோதித்தேன். இந்தத் தடவை கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அவரையே பார்த்தேன். பாதி தாண்டிக் கொஞ்சம் போவதற்குள் அவருடைய கண் சுருங்கியது. அதற்கு ஒரு கணம் கழித்து, பயந்து பயந்து, கை எழுந்தது. அவருக்கு ஒரு சத்தம் கேட்கத் தொடங்குகிற இடத்துக்கும் நோகத் தொடங்குகிற இடத்துக்கும் நடுவில் ஒரு சாண் கூட இல்லை.

ஓர் அறையின் நிலத்தை மட்டும் உயர்த்திக் கட்டிவிட்டுக் கூரையை இருந்த இடத்திலேயே விட்டால் எப்படி இருக்கும்? நிமிர்ந்தால் தலை முட்டும். தேய்ந்த காது பலருக்கு அப்படி. மெல்லிய சத்தம் கேட்காது, பெரிய சத்தம் மற்றவர்களுக்கு நோகிற அளவுக்கோ அதைவிட அதிகமாகவோ நோகும். கம்பளை ஹாஜியாருக்கு நல்ல காலம், அவருடைய கூரை உயரத்தில் இருந்தது. முத்தையாவுக்குக் கூரையும் இறங்கியிருந்தது. இரண்டு பேருடைய வரைபடத்தையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று போலத்தான் இருக்கும். கூரை எங்கே என்பது அந்தப் படத்தில் தெரியாது. ஆளைக் கேட்க வேண்டும், அவர் வாயால் சொல்லாவிட்டால் முகத்தில் பார்க்க வேண்டும். ரிபாயாவுக்குப் போனில் நான் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

கலா சுவரில் சாய்ந்து நின்று அழுதுகொண்டிருந்தாள். “வலிக்குதுன்னு அம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாமேப்பா” என்று அவருடைய காதருகே குனிந்து கேட்டாள்.

“ஐயா அவ்வளவு மெனக்கெட்டு எழுதிக் குடுத்தாரு. நீயும் காசு போட்டு வாங்கி அனுப்பிருக்க. எங்காதுதான் சரியில்லன்னு நெனச்சேன் புள்ள. பாஸுன்னு வேற சொன்னாரு.” பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்: “ஐயா மனசு நோகக்கூடாதுங்களே.”

என் மனம் நோகக்கூடாது என்பதற்காக, கிளினிக் நாளில் மட்டும் அந்த இயர்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவர் கண்டிக்கு வந்திருக்கிறார். நான் அதை உயர்த்திப் பிடித்து ஊருக்குக் காட்டியிருக்கிறேன். வெட்கத்தில் கூனிக் குறுகிப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். ஐயா அப்படியெல்லாம் சொல்லக்கூடாது என்று இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்றைக்கு மத்தியானமே டவுனுக்குப் போய், காதை மூடி உட்காருகிற, பஞ்சு வைத்த ஒரு பெரிய ஹெட்போன் வாங்கி வந்தேன். கடைக்காரர் இது மந்தமாகத்தான் கேட்கும், வேறு பாருங்கள் என்றார். அதுதான் வேண்டும் என்றேன். போனில் நான் கூட்டி வைத்த மேடுகளையெல்லாம் இறக்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அவருடைய முகத்தைப் பார்த்துப் பார்த்து ஓரிடத்தில் நிறுத்தினேன். கலா வராந்தாவின் அடுத்த மூலைக்குப் போய் அங்கிருந்து அழைத்தாள். முத்தையா மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார். அவருடைய முகம் இறுகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “சாப்டியா?” என்று கேட்டார். அந்தப் பக்கத்தில் அவள் என்ன சொன்னாளோ, “அழுவாத, அழுவாத” என்றார்.

பதினொரு நாளில் கலா திரும்பிப் போய்விட்டாள். கையெழுத்துப் போட்டது போட்டதுதான். சில மாதங்கள் வெள்ளிக்கிழமைகளில் அப்பாவும் மகளும் நன்றாகப் பேசினார்கள் என்று பாக்கியம் வந்து சொன்னார். ஆனால் காது நமக்காகக் காத்திருப்பதில்லை. அந்த வருஷம் முடிவதற்குள் முத்தையாவின் காது இன்னும் இறங்கியது. அரசாங்க மெஷினும் வந்தது, நான் கவனமாகப் பொருத்தினேன். சத்தம் கேட்டது, சொல் பிரிந்து வரவில்லை. கலா ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்து சேர்ந்தபோது, அவள் பேசுவதை அவர் வாயைப் பார்த்துத்தான் ஊகித்தார். இப்போதும் அப்படித்தான். அவருக்கு மகளுடைய குரல் சொல்லோடு கேட்கக்கூடிய காலம் மொத்தமாக மூன்று வருஷம்கூட மிச்சம் இருக்கவில்லை. அதில் இரண்டு வருஷத்தை நான் தின்றுவிட்டேன். அவளைக் கூடுதலாக இரண்டு வருஷம் அந்நிய வீட்டில் நிறுத்தியதும் என் கையெழுத்துத்தான். இதை எப்படித் திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் கணக்கு மாறுவதில்லை.

இவ்வளவையும் எழுதி வைத்துவிட்டு, போன கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். வீட்டில் நான் டீவியைக் கூட்டி வைப்பதாகவும், பிறகு நானே செய்தி வாசிப்பவர் கத்துகிறார் என்று ஏசுவதாகவும் மனைவி முறையிட்டதைக் கேட்டு, ரிபாயாதான் வரச் சொல்லியிருந்தாள். அறைக்குள் நுழைந்ததும் பார்த்தேன். மேசையைக் கண்ணாடிக்கு நேராகத் திருப்பிப் போட்டிருந்தாள். திரையில் வெயில் பட்டதாம், அதனால் மாற்றினாளாம்.

முப்பத்தொரு வருஷம் மற்றவர்களை இருத்திய கதிரையில் உட்கார்ந்தேன். கிறீச்சிட்டது. ரிபாயா முதல் சோதனையை முடித்துவிட்டு, கடைசிச் சோதனைக்குக் கூண்டுக்குள் வந்தே சொன்னாள்.

“சேர், உங்களுக்குத் தெரியும்தானே. தொந்தரவாத் தொடங்கின ஒடனே கையத் தூக்குங்க.”

“தெரியும் மகள். போடு.”

சத்தம் ஏறியது. கூர்மையான சத்தம், விசில் மாதிரி. ஓரிடத்தில் அது காதுக்குள் கம்பி நுழைவது போல ஆனது. இனிக் கையைத் தூக்க வேண்டும் என்று தெரிந்தது. இன்னும் ஒரு படி பார்க்கலாம் என்று தோன்றியது. என்னுடைய பிள்ளை மாதிரி ஒருத்தி, என்னுடைய பழைய இடம், இதற்குள் தோற்றால் என்ன நினைப்பாள்? இன்னும் ஒரு படி. பல்லைக் கடித்தேன்.

சத்தம் சட்டென்று நின்றது. கதவு திறந்தது.

“சேர்! ஒங்கட மொகம் சுருங்கி எவ்வளவு நேரம். கை மடியிலயே ஈக்குது. நாந்தான் நிப்பாட்டினேன். ஏன் தூக்கல்ல?”

கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்தேன். மேலுதடு நனைந்திருந்தது.

“அரைப்பேர் போட்டுடுவியோன்னு பயந்துட்டேன் மகள்.”

“அரைப்பேரா? அப்படிண்டா என்ன சேர்?”

அவள் கண்டி டவுனில் பிறந்து வளர்ந்த பிள்ளை. அந்தச் சொல் அவளுக்குத் தெரிய நியாயம் இல்லை. எனக்குத் தெரியும். முத்தையாவை அந்தக் கதிரையில் இருத்திய அன்றைக்கும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.